கோடு ஏறும்போது

பாராகூ ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில், தூசி படிந்த ஜன்னல் வழியாக முற்பகல் வெயில் கஞ்சி நிறத்தில் இறங்குகிறது. டாடோ ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய மெல்லிய குழாய் வழியே இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து ஸ்டூலில் அவள் அம்மா ஞோன், மகள் இறுக்கிப் பிடிக்கட்டும் என்று கையைக் கொடுத்திருக்கிறாள். டாடோவின் விரல்களோ அதில் துவண்டு கிடக்கின்றன. பிரசவ வலியைக் காட்டும் மெஷினின் காகிதத்தில் கோடு மலையாக ஏறி இறங்குகிறது. "பெரிய வலி ஒண்ணு வந்துட்டுப் போகுது பாருங்க. உங்க மக கொட்டாவி விடுறா!" என்று நர்ஸ் சிரிக்கிறாள்.

"கொஞ்சங்கூடத் தெரியலயாடி?"

"வயித்த யாரோ தடவுற மாதிரி இருக்கும்மா."

ஞோன் பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் மெல்ல வருடுகிறாள். "எல்லா வலியையுமா எடுத்துடுது?"

"உங்களுக்கும் ஒண்ணு போட்டுடவா பெரியம்மா?"

ஞோன் சிரிக்கவில்லை. பிரசவத்தில் சத்தம் போட்ட பெண், அவர்களுடைய பாரிபா இனத்தில், ஊரில் தலைநிமிர முடியாது. ஆறு பிள்ளைகளையும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்புத்துணியின் முனையைக் கடித்தபடி தனியாகத்தான் பெற்றாள். குழந்தை அழுத பிறகுதான் அடுத்த அறையிலிருந்த மாமியாருக்கே விஷயம் தெரியும். அதை எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! கோடு மறுபடி ஏறுகிறது. ஞோனின் கண்ணும் கூடவே ஏறுகிறது. மகளின் கையை அவளே இறுக்குகிறாள். கோடு உச்சியைத் தொடும்போது ஞோனின் அடிவயிற்றிலிருந்து ஓர் அலறல், வெட்கமில்லாமல், அறை முழுக்க எழுகிறது. நர்ஸ் பதறி ஓடி வருகிறாள். டாடோ திடுக்கிட்டுத் தலையைத் திருப்புகிறாள்.

"அம்மா... உனக்கு எங்கம்மா வலிக்குது?"