ஒற்றை ‘இல்லை’

“இருநூற்றுப் பதினாலு ‘ஓம்’. பழுதான சீட்டு ஒண்டுமில்லை.” ஒலிவாங்கியில், வாக்கெடுப்பை நடத்திய குணசேகரத்தின் குரல் இடறியது. “ஒரேயொரு ‘இல்லை’.”

கைதட்டல் பாதியில் நின்றது. கதவோரம் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த தம்பித்துரையை மண்டபமே திரும்பிப் பார்த்தது.

2010 தை மாதம். தனிநாடு வேண்டுமா என்று புலம்பெயர்ந்த சனத்திடம் கேட்ட வாக்கெடுப்பு, சுவிஸின் சோலோதுர்னில் முடிந்திருந்தது.

தம்பித்துரைக்கு ‘வெள்ளைத்துரை’ என்று பட்டம். வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போன அன்று, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அவருடைய தகப்பன் அழுதாராம். “நடுவர் போறார், இனி எங்களுக்கு ஆர் பாதுகாப்பு?” இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லித் திரிந்ததால் வந்த வினை.

தனிநாடு என்ற பேச்சுக்கும் முப்பது வருடமாகத் தம்பித்துரை கேட்டது அதே கேள்விதான். “பிரியிறது லேசு. கோட்டுக்கு அங்கால, கொழும்பிலயும் மலையகத்திலயும் இருக்கிற எங்கட சனத்துக்கு ஆர் பொறுப்பு? துவக்கால சுட்டு வாங்கின நாட்டைத் துவக்குத்தான் ஆளும்.” கலியாண வீடுகளுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. மனைவி சிவகலாவின் செத்த வீட்டுக்கும் ஆறு பேர்தான் வந்தார்கள்.

போன வைகாசியில், வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில், தங்கச்சி குடும்பத்தில் ஐந்து பேரும் முடிந்தார்கள். அதன்பிறகு அவர் ஒருவரோடும் வாதாடவில்லை. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தனியே சாப்பிட முடியாமல்தான் இன்று வந்திருந்தார். வாக்குப் போடும் மறைப்புக்குள் பேனையோடு அவர் நின்ற நேரத்தைப் பார்த்து, வரிசையில் நின்றவர்கள் கண்ணடித்தார்கள். ஆனாலும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். “சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை” என்றுகூட ஒருவர் சொன்னார்.

“வெள்ளைத்துரை அண்ணை, அரசாங்கத்துக்கு ஒரு வோட்டுச் சேத்துக் குடுத்திட்டியள் போல!” பின்வரிசையில் ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

“சும்மா ஆளைப் பாத்துச் சொல்லாதேங்கோ” என்றார் குணசேகரம். “பேர் பதிஞ்ச கொப்பி கிடக்கு. ஒவ்வொருத்தரா வந்து, முன்னுக்கு வைச்சிருக்கிற எங்கட பிள்ளையளின்ர படத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணட்டும்.”

சமையலறை வாசலில் யோகாம்பாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். அந்தப் படங்களில் இரண்டு, இயக்கத்தில் சேர்ந்து செத்துப்போன அவளுடைய மகன்மாருடையவை. கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தும் அவள் கேத்தலை நிமிர்த்தவில்லை.

தம்பித்துரை எழும்பினார். “சத்தியம் ஒண்டும் தேவையில்லை. நான்தான்.”

“ரெண்டு பிள்ளையளைக் குடுத்த தாய்க்கு முன்னால நிண்டு சொல்லுறியள். வெக்கமில்லையோ?” என்று கேட்டார் குணசேகரம்.

தம்பித்துரை மேலங்கியின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். கதவைத் திறந்தார். பனிக்காற்று உள்ளே வந்தது. “கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ” என்றது ஒரு குரல். சாப்பிடச் சொன்னவரின் குரல்.

அவர் இருக்கும் லாங்கன்தாலுக்கு றெயின் வர இருபது நிமிடம் இருந்தது. வீட்டில் நேற்றைய சோறு கிடந்தது. அதைச் சூடாக்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டு ஸ்டேசன் வாங்கில் உட்கார்ந்தார்.

மேலங்கிகூடப் போடாமல், சேலையோடு பனியில் சறுக்கிச் சறுக்கி யோகாம்பாள் வந்துகொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அவரோடு ஒரு சொல்லும் கதைக்காதவள்.

“ஏச வந்தனீங்களோ தங்கச்சி? ஏசுங்கோ.”

அவள் ஏசவில்லை. மூச்சு வாங்க அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடைமேடையில் வேறு ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“என்னத்துக்கு அண்ணை பொய் சொன்னனீங்கள்? அந்த ‘இல்லை’ நான் போட்டது.”