ஒரு ஓட்டு மரியாதை

கர்னல் டக்கெட் சட்டசபைத் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றுவிட்டார் என்ற செய்தி, வாயால் பேர் சொல்லி ஓட்டுப் போட்ட அந்தக் கால அமெரிக்காவில், கென்டக்கியின் ஒரு சிற்றூரில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெர்மீலியாவையும் எட்டிவிட்டது. கணவர் ஹைரம் உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கோர்ட்டு வாசல்ல எல்லாரும் கேக்க, கர்னலை எதிர்த்து நின்ன லூமிஸ் பேரைச் சொன்னீங்களாமே?"

"ஓட்டுன்னா வாயாலதானே சொல்லணும்? சொன்னேன்."

"கர்னல் மூஞ்சி வார்த்த கண்ணாடிக் குப்பியில விஸ்கியை ஊத்தி ஊரெல்லாம் கொடுத்தது யாரு? நீங்க! வாங்கிக் குடிச்சவன்கூட கர்னல் பேரைச் சொல்லியிருக்கான். உங்க ஒரு ஓட்டுலதான் அவர் கவுந்தாரு!"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குடி."

"அந்த லூமிஸ் யார் பேரைச் சொன்னான்?"

ஹைரம் தொப்பியைக் கழற்றினார். "தன் பேரையேதான். வெக்கமாத்தான் இருந்திருக்கும். ஓட்டு எழுதுற குமாஸ்தா ரெண்டு தடவை கேக்குற அளவுக்கு மெதுவாச் சொன்னான்."

"மெதுவாச் சொன்னாலும் ஜெயிச்சிட்டானே!"

பெர்மீலியா அலமாரியிலிருந்த குப்பியை எடுத்து, கணவரின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். அதே கொக்கி மூக்கு. அதே இரட்டைத் தாடை. கண்ணாடிப் பட்டறைக்காரன் பத்து வயது மட்டும் குறைத்து வார்த்திருந்தான்.

"கர்னல் ஹைரம் டக்கெட் அவர்களே," என்றாள். "போட்டியில நிக்கிறவன் எதிராளிக்குத்தான் ஓட்டுப் போடணும்ங்கிற வழக்கத்தை, இந்த ஊர்ல இன்னும் நம்பிட்டிருக்கிற ஒரே ஆளு நீங்கதான்!"