குறையில்லாத திட்டம்

நொடித்துப்போன வட்டாரத்தைத் தூக்கி நிறுத்தும் கூட்டுத் திட்டம் ஒன்றை ஐந்து நகர மன்றங்களும் மூன்று வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தன. இன்று எல்லா மன்றங்களும் சேர்ந்து வாக்களிக்கும் நாள். உள்ளூர் மன்றத் தலைவரை மன்றக் கட்டடப் படிக்கட்டிலேயே மறித்தார், எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா மகன்.

"மாமா, திட்டம் எப்படி இருக்கு?"

"சல்லடை போட்டுச் சலிச்சாச்சு மாப்ளே. ஒரு குறையும் இல்ல. இன்னைக்கே நிறைவேத்திடறோம்."

ஜெராக்ஸ்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னடா, சந்தோஷத்துல மயக்கமா?"

"வயித்துல அடிக்கிறீங்களே மாமா! அங்க பாருங்க."

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த லாட்ஜில் ஐந்து ஊர் நிபுணர்களும் நிரம்பி வழிந்தார்கள். டீக்கடை மாடி எழுப்பிக்கொண்டிருந்தது. கோப்புகளை ஏற்றிய வேன்கள் தெருமுனை வரை நின்றன. ஜெராக்ஸ் கடையில் நான்கு இயந்திரங்களும் மூச்சுவிடாமல் ஓடின.

"முன்னாடி இந்தத் தெருவுல ஈ காக்கா கிடையாது. நீங்க ஆராய ஆரம்பிச்சுத்தான் ஊரே பிழைச்சுது. முடிச்சுட்டீங்கன்னா எங்க கதி?"

தலைவர் தாடையைச் சொறிந்தபடி உள்ளே போனார். ஒரு மணி நேரத்தில் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"பெரிய குறை கண்டுபிடிச்சாச்சு மாப்ளே!"

"என்ன குறை?"

"ஒரு குறைகூட இல்லாத திட்டத்துல ஏதோ சூது இருக்குன்னு அஞ்சு மன்றமும் ஒருமனதா முடிவு பண்ணியாச்சு. முதல்லேர்ந்து ஆராயணும். எழுந்திரு, ஐந்நூறு காப்பி போடு!"