அந்தக் கடையில் மட்டும் கொதிக்காத வண்டி

ஊரின் மறுகோடியில் இருந்த மெக்கானிக் அக்காவின் கடைக்கு அந்த வாடிக்கையாளர் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவருவது இது மூன்றாவது முறை.

“பத்து நிமிஷம் ஓட்டினா போதும்க்கா, எஞ்சின் கொதிச்சு முள்ளு சிவப்புக்குப் போயிடுது.”

“என்கிட்ட மட்டும் நல்ல பிள்ளையா நடந்துக்குதே அண்ணே.”

அக்கா கூலன்ட்டைப் பார்த்தார். குறையவில்லை. விசிறியும் ஒழுங்காகச் சுற்றியது. தெருவில் நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முள் நடுவிலேயே நின்றது.

“உங்க வீட்டுப் பக்கம் மெக்கானிக்கே இல்லையா? இவ்வளவு தூரம் வர்றீங்க?”

“இருக்கான். ஒரு மாசமா கழட்டிக் கழட்டி மாட்டுறான். தெர்மோஸ்டாட்டைக்கூட மாத்திட்டான். ஒண்ணும் விளங்கல.”

“சரியான அரைகுறையா இருப்பான் போல.”

“அதுல சந்தேகமே இல்லக்கா.” பெருமூச்சு விட்டார். “வெளிய தெரிஞ்சா அவன் பொழப்பே போயிடும்.”

அக்கா குனிந்து வண்டியின் முன்பக்கத்தைத் தடவினார். “இங்க கம்பி உரசின தடம் இருக்கே. என்ன கட்டியிருந்தீங்க?”

“அது... ஒரு போர்டு. இங்க வரும்போது மட்டும் கழட்டிடுவேன்.”

“ரேடியேட்டருக்கு நேரா போர்டைக் கட்டினா காத்து எப்படிண்ணே உள்ள போகும்? கொதிக்காம என்ன செய்யும்? ஆமா, இங்க வரும்போது மட்டும் ஏன் கழட்டுறீங்க? எங்க, அதக் காட்டுங்க.”

தயங்கித் தயங்கி, பையிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா சத்தமாகப் படித்தார்.

“எஞ்சின் சூடாகிறதா? கவலை வேண்டாம். உடனே எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள்.”

கீழே, கையில் ஸ்பானருடன் சிரித்துக்கொண்டிருந்தது எதிரே நின்ற வாடிக்கையாளரின் படம்.