முதுகு காட்டும் நாற்காலி

தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டியபடி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் வெர்லின். கறுப்பு எஞ்சின்களுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்த எங்கள் அமெரிக்க அயோவா மாநிலத்துச் சரக்கு ரயில் கம்பெனிக்கு அவர் காட்டும் எதிர்ப்பு அது. ஆனாலும் மடியில் கேமரா இருக்கிறது. மக்காச்சோளக் கிடங்கின் நிழல் விலகி, பனிமேல் காலை வெயில் படிகிறது. ரயில்வே கேட்டருகே ரயில்களைப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்த நாங்கள் ஏழெட்டுப் பேர் குளிரில் கால் மாற்றி நிற்கிறோம். "இந்த ஆரஞ்சுப் பூசணிக்காயப் படம் பிடிக்க இம்புட்டுக் கூட்டமா?" என்கிறார் வெர்லின். "முதுகத்தான் காட்டணும்னா வீட்டுலயே காட்டியிருக்கலாமே," என்கிறாள் ஜானெல். இந்த வண்ணத்துக்காக மாதக்கணக்கில் இணையத்தில் அவரோடு மல்லுக்கட்டியவள். கேட் மணி அடிக்கிறது. வளைவைத் தாண்டி, முகத்தில் வெயில் தெறிக்க, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு எஞ்சின் பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. எல்லாரும் கேமராவைத் தூக்குகிறோம். வெர்லினுக்கு எதிரே நிற்கும் அவருடைய காரின் கண்ணாடிகளிலெல்லாம் ஆரஞ்சு ஓடுகிறது. அதையே பார்க்கிறார். சட்டென்று நாற்காலி கவிழ எழுந்து திரும்புகிறார். எஞ்சின் டிரைவர் எங்களைப் பார்த்து ஹாரனை நீட்டி அடிக்கிறார். ஜானெல் தொப்பியைக் கழற்றி மேலே வீசுகிறாள்.

எஞ்சினுக்குப் பின்னால் பெட்டிகள் இன்னும் கடந்துகொண்டிருக்கின்றன. வெர்லின் அதற்குள் காரைக் கிளப்பிவிடுகிறார். நாற்காலி பனியில் கிடக்கிறது. "ஏறுங்கப்பா, அடுத்த கேட்டுல முந்திக்கலாம்!" "எதுக்காம்?" என்று நகராமல் நிற்கிறாள் ஜானெல். ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டுகிறார் வெர்லின். "வாய்பாத்துக்கிட்டு நின்னுட்டேன் தாயே, ஒரு படம்கூட எடுக்கல!"