நாற்பத்திரண்டாவது சிலாப்

ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.

கல்வெட்டுக்காரர் வீட்டு வாசல் சுவரில் அடுப்புக்கரியால் அந்தத் தொகையை எழுதியவள் சித்தாள்தான். ஒரு மாதமாகப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

சந்தில் நாற்பத்திரண்டு வீடுகள். பணம் வந்ததும் நாற்பத்தொரு வீட்டுச் சுவரில் கரியை அழித்தாயிற்று.

ஏழு வருடம் மனு எழுதிக் கை ஓய்ந்தபிறகு, சந்துக்காரர்கள் தாங்களே வெட்டிக் கட்டிய சாக்கடைக்கு வீட்டுக்கு வீடு போட்ட பங்கு அது. ஆறு நாள் யார் யார் வீட்டுக்கோ மண் சுமந்துவிட்டு, ஏழாவது நாள் தங்கள் சந்துக்குச் சுமந்தார்கள்.

வாசலுக்கு ஒன்று என்று மூடுகிற சிலாப்பையும் அவர்களே வார்த்தார்கள். ஆசாரி, உடைந்த கட்டில் பலகையில் அச்சுப்பெட்டி அடித்தார். மூன்றடிக்கு இரண்டடி என்று வெளிப்பக்கம் அளந்து அடித்தவர், பலகையின் கனத்தைக் கழிக்க மறந்துபோனார். வார்த்த சிலாப் எல்லாம் இரண்டிரண்டு அங்குலம் குட்டையாக வந்து விழுந்தன.

தலையில் அடித்துக்கொண்டு, சிரித்து, கடைசியில் சாக்கடைச் சுவரையே நெருக்கிக் கட்டினார்கள். "இந்த அளவு எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்று ஆசாரி பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

பங்கு தராத வாசலுக்குச் சிலாப் கிடையாது. கூடிப் பேசி முடிவெடுத்ததுதான். ஆனால் கல்வெட்டுக்காரர் வீடு இருப்பது சந்து முனையில். உள்ளே போகிற, வெளியே வருகிற அத்தனை காலும் அந்தத் திறந்த குழியைத் தாண்டியாக வேண்டும்.

போன வாரம் சித்தாளின் நாத்தனார் தண்ணீர்க் குடத்தோடு அதில்தான் விழுந்தாள். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுப்போனது. ஒரு மாதக் கூலி போச்சு.

இன்று காலை, ஒன்று பணம், இல்லையென்றால் சண்டை என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தாள் வந்து நின்றாள்.

கல்வெட்டுக்காரர் வாசலில் குந்தி, ஒரு கருங்கல்லில் உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கூட்டப் பழகியவள் சித்தாள். கல்லில் இருந்ததை உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

'கவுன்சிலர் அவர்களின் பெருமுயற்சியால் கட்டி முடிக்கப்பட்ட கழிவுநீர்க் கால்வாய்.'

பக்கத்தில் நாளைய தேதி. அதற்கு மேலே ஒரு பெயர், பெயரைவிடப் பெரிதாகப் பட்டம்.

மறுபடி முதலிலிருந்து கூட்டிப் பார்த்தாள். மாறவில்லை.

"யோவ்! எங்க கையில கொப்புளம் இன்னும் காயல. அதுக்குள்ள அவன் பேரை வெட்டுறியா? ஒரு நாளாவது இந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டாவது வந்திருப்பானாய்யா அவன்?"

அவர் வாயால் ஊதிக் கல்தூசியைத் தள்ளினார். "நாளைக்குத் திறப்பு விழா முடிஞ்சதும் கூலி தர்றாராம், தங்கச்சி."

"தருவான், தருவான். போன விழாவுக்குப் பந்தல் போட்டவன் இன்னும் அவன் வாசல்லதான் நிக்கிறான்."

"தெரியும்."

அந்தத் 'தெரியும்'தான் அவளைக் கொளுத்திவிட்டது. சுவரோரம் சாய்ந்திருந்த சம்மட்டியை எடுத்துத் தலைக்குமேல் ஓங்கினாள்.

"உடைக்காத. நான் தரவேண்டிய பங்குப் பணம் மொத்தமும் இந்தக் கல்லுலதான் கெடக்கு."

"என்னது?"

"கல்லை வாங்கினது என் காசு. அவரு முன்பணம்னு ஒரு பைசா குடுக்கல."

எங்களுக்குத் தரவேண்டிய பங்கை எடுத்து அவனுக்குக் கல் வாங்கினானா இவன்! நாத்தனாரின் வீங்கிய கால் கண்முன் வந்தது. சம்மட்டி இறங்கியிருக்கும். அவர் எழுந்து கல்லின் ஒரு முனையைப் பிடித்தார்.

"திட்டுறதை அப்புறம் திட்டலாம். இப்ப ஒரு கை குடு."

ஏன் கை கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கனமான பொருளை ஒருவர் தனியாகத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகாத கை. சம்மட்டியைப் போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

பிடித்த மாத்திரத்தில் அளவு கைக்குத் தெரிந்துபோனது.

நாற்பத்தொரு சிலாப் தூக்கிய கை அது.

"அவன் என்ன அளவுய்யா சொன்னான்?"

"மூணுக்கு ரெண்டு."

"அப்ப இது?"

"நம்ம ஆசாரியைக் கேளு."

இருவரும் கல்லைப் புரட்டினார்கள். சுவரில் பதிக்கிற கல்லுக்கு முதுகை யாரும் கொத்துவதில்லை. இந்தக் கல்லின் முதுகில் ஓரத்திலிருந்து ஓரம்வரை பொடிப்பொடியாக உளி விழுந்திருந்தது. மழையில் கால் வழுக்காது.

தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து குழிமேல் இறக்கினார்கள். ஒரே சத்தம். ஒரு விரல் நுழைய இடமில்லை.

கல்லுக்கடியில், நாற்பத்திரண்டு வீட்டுக் கழிவுநீரும் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டு ஓடியது.

சித்தாள் மேலே ஏறி நின்றாள். ஒரு காலை ஓங்கி மிதித்தாள். ஆடவில்லை.

"நாளைக்குக் கல்லு எங்கேன்னு கேப்பானே, அண்ணே?"

"கேக்கட்டும். அது மேல நின்னுதான கேக்கணும்."

அவள் வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தில் கையை நனைத்து, சுவரில் இருந்த ஆயிரத்து எண்ணூற்று அறுபதைத் தோல் எரிகிறவரை தேய்த்து அழித்தாள்.