தானாக ஓடிய வேக்குவம் கிளீனர்

ஒரு வாரம் கழித்து ஊரிலிருந்து திரும்பிய அக்கா, மூடிக் கிடந்த படுக்கையறைக்கு வெளியே நின்றபடி தம்பிக்குப் போன் செய்தாள். அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள்.

"டேய், உள்ள வேக்குவம் கிளீனர் தானா ஓடுதுடா! பேய் கீய் புகுந்துடுச்சா?"

அந்த இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதே தொழிலான தம்பி சிரித்தான்.

"பேயாவது ஒண்ணாவது! அணைக்க மறந்துட்டு ஊருக்குப் போயிருப்ப. பையில தூசி நிறைஞ்சா காத்து போகாது. மோட்டார் சூடாகித் தானா நின்னுடும், சூடு ஆறினதும் தானா ஓடும்."

"அப்பாடா! நீ சொன்ன மாதிரியே இப்ப நின்னுடுச்சு."

"கவனிச்சியா? சூட்டுல நின்னா சுவிட்ச் சத்தமே வராது."

"வந்துச்சேடா, சுவர்ப்பக்கம்."

தம்பியின் சிரிப்பு நின்றது.

"அக்கா, சுவிட்ச் மட்டும் தானா அணையாது. சத்தம் போடாம தெருவுக்கு ஓடு."